இருபத்தெட்டு நாள் ஆகணும்

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது. வெளிநாட்டில் பத்து வாரம் படித்து, ஒரு கான்கிரீட் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் முடித்ததற்காகக் கொடுத்தது. 'மிகச் சிறப்பு' என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் தண்ணீர் கொடுப்பாள். அடுத்து அதைக் காட்டுவாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

அந்தச் சான்றிதழ் எவ்வளவு உண்மையோ, நான் இப்போது எழுதப்போவதும் அவ்வளவு உண்மை. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் சிவில் எஞ்சினியரிங் இறுதியாண்டு மாணவி. அளந்து பார்க்காத எதையும் நம்பாத ஆள். பேய்ப் படத்துக்குப் போனால்கூட, அந்த பங்களாவின் உத்தரத்தில் விரிசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி, மழை, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்தது அத்தனையும் பட்டப்பகலில். மதியம் 3.20க்கு. ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

போன கோடையில் எங்கள் கல்லூரியிலிருந்து முதல் முறையாக ஒரு ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆள் நான். காலையில் அங்கே ஒரு கல்லூரியில் வகுப்பு, மதியம் இரண்டு மணியிலிருந்து ஆய்வகத்தில் வேலை. நான் ஒழுங்காக முடித்தால் அடுத்த வருஷம் இரண்டு பேரை எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். என் ஜூனியர்கள் இரண்டு பேர் இப்போதே பெட்டி வாங்கிவிட்டதாகக் கேள்வி. அம்மாவோ நான் விமானம் ஏறியதை மூன்று தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

ஆய்வகத்தின் பொறுப்பாளருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் தராசு. எதைக் கொடுத்தாலும் முதலில் எடை போட்டுப் பார்ப்பார். ஆளையும் அப்படித்தான் பார்ப்பார். நான் போன முதல் வாரமே ஒரு இரும்பு அச்சைக் கைதவறிக் கீழே போட்டு உடைத்தேன். அவர் கத்தவில்லை.

"இன்னொரு தடவை ஏதாவது உடைஞ்சா உங்க காலேஜுக்கு எழுதிடுவேன். அடுத்த வருஷம் யாரையும் அனுப்ப வேணாம்னு."

அவர் பேசியது வேறு மொழி. நான் நம் மொழியில் எழுதுகிறேன். அவர் சொன்ன விதத்தை மட்டும் எந்த மொழியிலும் எழுத முடியாது. அன்றிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாலும் இரண்டு கையால் எடுத்தேன்.

எங்கள் வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றும்போதே, அதே கலவையில் கொஞ்சம் எடுத்துச் சின்ன அச்சுகளில் போட்டு வைப்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றினால் அரை அடி உயரத்துக்குக் கல் போல வரும். அதுதான் கியூப். எண் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஏழாவது நாள் மூன்றை எடுத்து இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்போம். எவ்வளவு தாங்கியது என்று அது ஒரு எண் காட்டும். மீதி மூன்றை இருபத்தெட்டாவது நாள். இருபத்தெட்டாம் நாள் எண் சரியாக வந்தால்தான் மேல்தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எடுக்க அனுமதி. அதுவரை தளம் முட்டின் தயவில் நிற்கிறது.

நான் தங்கிய விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்தும் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே தூண்களுக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல்தளத்துக்கு ஊற்றினார்கள். தூணுக்கு வலுவான கலவை, தளத்துக்கு அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் கியூப் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். தூணுக்கு மூன்று கூடுதலாகவே போட்டிருந்தார்கள்.

அச்சை இருபத்து நாலு மணி நேரம் கழித்துக் கழற்ற வேண்டும். செவ்வாய் மாலை எனக்குக் கல்லூரியில் தேர்வு. அதனால் அன்று காலை 9.05க்கே வந்து கழற்றினேன். தூண் கியூப்கள் கல் மாதிரி வந்தன. தளத்தின் கியூப்களில் முதல் மூன்றும் ஒழுங்காக வந்தன. நாலாவது இரண்டாகப் பிளந்தது. ஐந்தாவதும் பிளந்தது. ஆறாவதில் ஒரு மூலை மட்டும் பொடிந்து கையோடு வந்தது.

பதினாறு மணி நேரத்தில் கழற்றினால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். அவசரப்பட்டது என் தப்பு என்று நினைத்தேன். கலவையே மோசமாக இருக்கலாம், இந்த உடைசலே அதைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் முதல் மாணவி என்று பெயர். பயம் வந்தால் முதல் மாணவிக்கும் மூளை வேலை செய்யாது.

காலையில் உடைசலைத் துணி போட்டு மூடிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். மதியம் வந்ததும், தராசு மேலே இருந்த நேரம் பார்த்து, பிளந்த இரண்டையும் குப்பைத் தள்ளுவண்டியில் போட்டேன். மூலை பொடிந்ததை மட்டும் போட மனம் வரவில்லை. அதைத் தொட்டியின் அடியில், கம்பித் தட்டுக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு, இன்னும் எண் எழுதாமல் கூடுதலாக இருந்த மூன்று தூண் கியூப்களை எடுத்தேன். கறுப்பு மெழுகுக் குச்சியால் தளத்தின் எண்ணை எழுதினேன். தண்ணீரில் இறக்கினேன்.

மூன்று கியூப்தானே என்று சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அப்போது பம்பு நின்றது.

தொட்டி இருக்கும் அறை பாதி நிலத்துக்குள் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. தண்ணீரைச் சுழற்றும் பம்பு எந்நேரமும் 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் காது பழகிவிடும். அது நின்றால்தான் அது இருந்ததே தெரியும். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 3.20.

தொட்டியின் அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

நாற்பது வயது இருக்கும். பனியன், கைலி. காலில் செருப்பில்லை. கன்னத்தில் சிவப்பாகக் கோடு கோடாகப் பதிந்திருந்தது. பாயில் படுத்து எழுந்தால் பதியுமே, அப்படி.

"எத்தனை நாள் ஆச்சும்மா?" என்றார்.

தமிழில் கேட்டார். அந்த ஊருக்குப் போய்ப் பத்து நாளில் போனைத் தவிர யார் வாயிலும் தமிழ் கேட்டதில்லை. பயப்படத் தோன்றவில்லை, சந்தோஷம்தான் வந்தது. கட்டட வேலைக்கு வந்தவர், கியூப் கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"ஒரு நாள்தான் ஆகுதுண்ணா. இருபத்தெட்டு நாள் ஆகணும்."

"இருபத்தெட்டு" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

நான் குச்சியை மேசையில் வைக்கத் திரும்பினேன். பம்பு மறுபடி முனகியது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. கதவு சாத்தியே இருந்தது. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும் கதவு அது. திறந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை.

அந்த அறையின் தரை எப்போதும் ஈரம். அவர் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குக் காய்ந்திருந்தது.

காற்று பட்டிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஜன்னலே இல்லாத அறையில் காற்று.

ஏழாவது நாள், தளத்தின் முதல் மூன்று கியூப்களை நசுக்கினோம். அவை நான் மாற்றாதவை. இருபத்துமூன்றுக்கு மேல் வர வேண்டும். வந்தது 17, 18, 17.

உடைந்தது என் அவசரத்தால் மட்டும் இல்லை என்று அந்த நிமிடம் புரிந்தது. அந்தத் தளத்தில் ஊற்றியிருப்பதே சொத்தை.

தராசு எண்களை இரண்டு தடவை பார்த்தார். "ஏழாம் நாள் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சில கலவை மெதுவாதான் இறுகும். இருபத்தெட்டு வரட்டும்."

இருபத்தெட்டுக்குத் தொட்டியில் இருந்தவை தூண் கியூப்கள். அவை அமோகமாகத் தேறும். அதை அறிந்த ஒரே ஆள் நான். அந்த இடத்திலேயே, அவர் பேனாவை மூடுவதற்குள் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அம்மாவின் முகம் வந்தது. பெட்டி வாங்கிய ஜூனியர்கள் வந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

3.20க்கு நான் தொட்டி அறையில் இருந்தேன். பம்பு நின்றது.

அதே பனியன். அதே கன்னம். இந்தத் தடவை என்னைப் பார்த்ததும் தெரிந்தவர் மாதிரி சிரித்தார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"இருபத்தொண்ணு."

"சரிம்மா."

"நீங்க எந்த சைட்டுண்ணா? எப்படி உள்ள வந்தீங்க?"

கேட்டது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. தண்ணீருக்குள் மூன்று தூண் கியூப்களும் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு முனகத் தொடங்கியது. நான் கண்ணை இமைத்தேன். அவ்வளவுதான்.

மேலே போனதும் தராசு கேட்டார். "கீழே போன்ல பேசிட்டு இருந்தியா? கதவுக் கண்ணாடி வழியா பார்த்தேன். ஏதோ சொல்லிட்டு இருந்தே."

"என்கூட யாராவது இருந்தாங்களா சார்?"

"யாரு இருப்பாங்க? நீ மட்டும்தான்."

கதவைத் திறந்தவர்களின் பதிவை அவருடைய கணினியில் பார்க்கலாம். ஏதோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். மதியம் 3.02, என் அட்டை. 3.31, என் அட்டை. நடுவில் ஒன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். அதுவும் அப்படியே.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்ய நினைத்தேன். பிறகு செய்யவில்லை. அங்கே மதியம் 3.20 என்றால் நம் ஊரில் நள்ளிரவு தாண்டி 12.50. இரண்டு ஊருக்கும் எப்போதும் நேரம் ஒத்து வராது. ஒத்து வந்தாலும் என்னவென்று சொல்வது? பேயைப் பற்றிச் சொன்னால் கியூபைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினாலாவது நாள் அந்த அறைக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். தலைவலி என்று சொல்லி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். 3.15க்குத் தராசு வந்தார். தொட்டித் தண்ணீரின் சூட்டைக் குறித்து வரச் சொன்னார். தலைவலி என்றேன். படிக்கட்டு பன்னிரண்டுதான், ஏறி இறங்கினால் சரியாகிவிடும் என்றார்.

இறங்கினேன். பம்பு நின்றது.

"பாதி வந்தாச்சா?" என்றார் அவர்.

"வந்தாச்சு" என்றேன். ஏன் பதில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கேட்டால் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இப்போது ஒன்றைக் கவனித்தேன். அவர் நெஞ்சு ஏறி இறங்கிய விதம். நீளமாக... மெதுவாக... நன்றாகத் தூங்குகிறவர்கள் மூச்சு விடுவார்களே, அப்படி. கண் திறந்திருந்தது. மூச்சு மட்டும் தூங்கியது.

இருபத்தொன்றாவது நாள்.

3.20. பம்பு நின்றது.

அவர் குனிந்து தொட்டிக்குள் கையை விட்டார். முழங்கை வரை. தோள் வரை. தண்ணீர் அசையவில்லை. ஒரு வட்டம்கூட எழவில்லை. கம்பித் தட்டுக்குப் பின்னால் எதையோ தேடினார்.

நான் ஒளித்த இடத்தில்.

"இங்க ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன்.

"இது எதுக்கும்மா தனியா இருக்கு?"

ஓடிவிட்டேன். பன்னிரண்டு படியையும் நாலே எட்டில்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, இன்னொரு ஊழியர் அங்கே இருக்கும்போது, அவருடன் சேர்ந்து கீழே போனேன். தொட்டியைப் பார்த்தேன். என் மூன்று தூண் கியூப்கள் தட்டில் வரிசையாக இருந்தன.

மூன்று இல்லை. நாலு.

மூலை பொடிந்தது, கடைசியில், வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த ஊழியரைக் கேட்டேன். அவர் தொடவே இல்லை என்றார். அவர் திரும்பிய நேரம் பார்த்து அதை மறுபடி பின்னால் தள்ளினேன். எட்டுக் கிலோ எடை. தண்ணீருக்குள் கை விறைத்தது. ஆம், மறுபடியும் ஒளித்தேன். இவ்வளவு பார்த்த பிறகும். இதைப் படிக்கிற உங்களுக்கு என் மேல் கோபம் வந்தால், அது நியாயம்தான்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் போனது. காலையில் கட்டடத்தைத் தாண்டும்போது கீழ்த்தளத்தில் நிற்கும் முட்டுகளைப் பார்ப்பேன். நூறு, நூற்றைம்பது இரும்புக் குழாய்கள், காடு மாதிரி. அவை நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. எடுக்கும்போது ஆட்கள் கீழே போய் நின்றுதான் ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் ஒரு நாளை மிச்சம் இருந்தது.

இருபத்தேழாவது நாள் நானாகவே இறங்கிப் போனேன்.

3.19. நின்றேன்.

3.20. பம்பு நின்றது.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அழுதவர் மாதிரி கண் சிவந்திருந்தது. கன்னத்துக் கோடு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பார்த்தார். விரலை மேலே நீட்டினார்.

"கீழே நிக்கலாமாம்மா?"

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லும்மா. நம்பி நிக்கலாமா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இல்லை. பேயிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாத அளவுக்கு நான் கோழையாக இருந்தேன். சொன்னால் எனக்கே கேட்டுவிடும். என் காதில் விழுந்துவிட்டால் பிறகு நான் மேலே போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நிக்கலாம்ணா" என்றேன். "ஒண்ணும் ஆகாது."

அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா."

பம்பு முனகியது.

இருபத்தெட்டாவது நாள் மதியம் மூன்று தூண் கியூப்களையும் நசுக்கினோம். 46, 47, 46. முப்பத்தைந்து இருந்தால் போதும்.

தராசு என்னை எடை போடுகிற பார்வை பார்த்தார். "ஏழாம் நாள் பதினேழு. இப்ப நாப்பத்தாறா?"

"மெதுவா இறுகற கலவைன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"நீதானே அச்சைக் கழட்டினே? நீதானே எண் எழுதினே?"

"ஆமா சார்."

இரண்டுக்கும் உண்மையான பதில்தான். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். கையெழுத்துப் போட்டார்.

3.20க்குத் தொட்டி அறையில் நின்றேன். பம்பு நிற்கவில்லை. யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விட்டது சனி என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அன்று ராத்திரி அயர்ந்து தூங்கினேன்.

முப்பதாவது நாள் முட்டு எடுத்தார்கள்.

ஆய்வகத்துக்குள் முதலில் சத்தம் வரவில்லை. தரைதான் ஒரு தடவை நடுங்கியது. மேசையில் இருந்த டீ குலுங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி... நிற்கவே நிற்காத மாதிரி... பிறகு சுத்தமாக ஒன்றும் இல்லை.

மணி பார்த்தேன். நீங்கள் நினைக்கிற நேரம்தான்.

காயம் நாலு பேருக்கு. ஒருவர் இறந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் விசாரணை ஆட்கள் வந்தார்கள். எங்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். 46, 47, 46. எந்தக் குறையும் இல்லை. முட்டுகளை வரிசை மாற்றி எடுத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பழி முட்டு எடுத்தவர்கள் மேல் போனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாவது நாள், எல்லோரும் சைட்டில் இருந்தபோது, ஒளித்து வைத்த கியூபை எடுத்தேன். துடைத்தேன். இயந்திரத்தில் வைத்தேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்.

19.

மூலை பொடிந்ததற்கு ஒன்றிரண்டு குறையலாம். பதினாறு குறையாது. அன்று அந்த உடைசலைத் தராசிடம் கொண்டு போயிருந்தால், அவர் என்னைத் திட்டிவிட்டு, எடை போட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தளத்தை உடைக்கச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். பொடியைப் பெருக்கி அள்ளினேன். அந்த எண்ணை எங்கேயும் எழுதவில்லை.

முப்பத்திரண்டாவது நாள் தராசு என்னைச் சைட் அலுவலகத்துக்கு அனுப்பினார். இறந்தவர் பேசியது என் மொழியாம். வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. காகிதங்களுக்காகச் சில விவரம் கேட்க வேண்டும், அங்கே யாருக்கும் அந்த மொழி தெரியாது.

அதிகாரி ஒரு பாஸ்போர்ட் நகலை என் பக்கம் நகர்த்தினார்.

கன்னத்தில் கோடு மட்டும் இல்லை. மற்றபடி அவரேதான்.

"இவர்... இங்க எத்தனை மாசமா வேலை செய்யறார்?"

"மாசமா? முந்தாநாள் காலையிலதான் சேர்ந்தார். அதுக்கு முதல் நாள்தான் விமானத்துல வந்து இறங்கினார். முதல் நாள் வேலை."

"அதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வந்திருக்காரா?"

"பாஸ்போர்ட்டே புதுசு."

அவர் போனைப் போட்டு என் கையில் கொடுத்தார். மறுமுனையில் அவருடைய மனைவி. அழுது முடித்த குரல். பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி, எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாகப் போனது.

"நீங்க அங்கதான் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பக்கத்துலதான்கா. படிக்கறேன்."

"படிச்ச பொண்ணு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? இங்க யாருகிட்ட சொன்னாலும் என்னைப் பாவமா பாக்கறாங்க."

"சொல்லுங்கக்கா."

"ஒரு மாசத்துக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட காகிதம் கொடுத்தோம். எப்ப வரும்னு தெரியலை. அன்னைக்கு ராத்திரி இவருக்கு ஒரு கனவு. ஏதோ தண்ணித் தொட்டிகிட்ட ஒரு பொண்ணு நிக்கறாளாம். இருபத்தெட்டு நாள் ஆகணும்னு சொன்னாளாம். எந்திரிச்சு என்னை எழுப்பினாரு. மணி ஒண்ணு ஆகப் பத்து நிமிஷம். நல்ல சகுனம்னு சிரிச்சோம். பாத்தா சரியா இருபத்தெட்டாம் நாளுக்கு டிக்கெட்டு."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

நான் கையைக் காட்டினேன்.

"வாரம் தவறாம வந்தாளாம். இன்னும் இத்தனை நாள், இத்தனை நாள்னு சொல்லுவாளாம். ஒரு தடவை தண்ணிக்குள்ள கல்லு ஒண்ணைத் தேடி எடுத்தேன்னாரு. அந்தப் பொண்ணு எப்படி இருந்தான்னு கேட்டேன். கையெல்லாம் சிமென்ட்டாம். கறுப்பா ஒரு குச்சி வெச்சிருந்தாளாம். மொதல்ல பேயின்னு பயந்தாராம். ஆனா அவ என்னைவிடப் பயந்துகிட்டு நிக்கறாடின்னாரு."

"அக்கா..."

"கிளம்பற ராத்திரி ரெண்டு பேருமே அழுதோம்மா. எனக்கு மனசு ஒப்பலை. போக வேணாம்னேன். சரி, போகலை, படுன்னாரு. அவரும் வேணாம்னுதான் முடிவு பண்ணியிருந்தாரு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"விடியக்காலையில பாத்தா பெட்டியோட நிக்கறாரு. என்னன்னேன். அவகிட்டயே நேரா கேட்டுட்டேன்னாரு. நிக்கலாம்னு சொன்னாளாம். ஒண்ணும் ஆகாதுன்னு அவளே சொல்லிட்டா, நீ ஏன் அழறேன்னு கேட்டுட்டுத்தான்மா வண்டியில ஏறினாரு."